சைக்கிளில் ஏற்காடு ஏறினோம்!

சைக்கிள் மிதிக்கும் பெண்களைப் பார்த்தால் யாரும் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடம் போகிற பெண் மிதிக்கலாம், வேலைக்குப் போகிற பெண் மிதிக்கலாம். ஆனால் நாற்பத்தாறு வயசுக் குடும்பத் தலைவி மகளோடு சேர்ந்து மலை ஏறப் போகிறேன் என்றால்? "இதெல்லாம் நமக்கு எதுக்கும்மா?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை!

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-92ல் அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். களத்து மேட்டில் அத்தைமார்களும் சித்திமார்களும் விழுந்து எழுந்து பழகியதைப் பார்த்துத்தான், சிறுமியான நானும் அப்பாவின் வண்டியில் குரங்குப் பெடல் போட ஆரம்பித்தேன். கல்யாணமாகி சேலம் வந்த பிறகு கடைக்குப் போக மட்டும்தான் சைக்கிள்.

மலை ஆசையைக் கிளப்பியவள் கல்லூரியில் படிக்கும் என் மகள். "அம்மா, நீயும் வாயேன்" என்றாள். எனக்கோ வேறு கவலை. படிக்கட்டு ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும், முகமும் வெளுத்திருந்தது. டாக்டரிடம் போனோம். ஹீமோகுளோபின் 9.2! பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே அது ரத்தசோகைதான். "முதலில் இதைச் சரி செய்யுங்கள், மலை எங்கேயும் ஓடிவிடாது" என்றார் டாக்டர்.

நாலு மாசம் அவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. கூடவே முருங்கைக் கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அந்தச் சத்து சேராமல் தடுத்துவிடும். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேர இடைவெளி வந்தது இப்படித்தான். நாலாம் மாசம் 12.1! டாக்டர் சரி என்று தலையாட்டினார். அந்த நாலு மாசமும் விடிகாலையில் நானும் மெதுவாக மிதித்துப் பழகினேன். முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 10, பிறகு 20. எனக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, இதயத்தைப் பரிசோதித்துக் கொண்டேன். நாற்பதைத் தாண்டியவர்கள் இதை விட்டுவிடவே கூடாது.

என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மணி ஒன்பது அடிக்கும்போது எந்த வளைவில் இருந்தாலும் திரும்பிடணும். அதுக்கு மேல டூரிஸ்ட் வண்டிங்க வந்துடும்." மாமியார், "துப்பட்டாவை இழுத்துக் கட்டும்மா" என்றார். நியாயமான பேச்சுதான். துப்பட்டாவோ முந்தானையோ சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து. நாங்கள் துப்பட்டாவே போடவில்லை, ஹெல்மெட் போட்டோம்!

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். காலை ஐந்தேகாலுக்கு வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிய, அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய்ச் சேர்ந்தோம்.

மலையில் வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் சங்கிலி கழன்றுகொள்ளும். இன்னொன்று, வளைவில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஹாரன் சத்தம் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஓரமாக இறங்கி நின்று வழிவிட்டோம். மலைப்பாதையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது சட்டம். ஆனாலும் எட்டாவது வளைவில் ஒரு கார் இன்னொரு காரை முந்திக்கொண்டு எங்கள் பக்கமே இறங்கியது. மகள் தடுப்புச் சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு முழம்தான் இடைவெளி! இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

பதினைந்தாவது வளைவில் மணி ஒன்பது. "இன்னும் அஞ்சே வளைவும்மா!" என்று கெஞ்சினாள். எனக்கும் ஆசைதான். ஆனால் கீழிருந்து வரிசையாகக் கார்கள் வர ஆரம்பித்துவிட்டன. "மலை எங்கேயும் ஓடிடாது கண்ணு" என்று டாக்டர் சொன்னதையே சொல்லித் திருப்பினேன். அடிவாரம் வரை அவள் என்னோடு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறைத் தவிர்த்து ஒரு வாரநாளில் மறுபடியும் கிளம்பினோம். இந்தத் தடவை கார்கள் குறைவு. மூன்று வளைவுகளை நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து கடந்தேன். அதில் என்ன வெட்கம்? எட்டு ஐம்பதுக்கு ஏற்காடு ஏரிக்கரை! குளிர்காற்றில் நின்றுகொண்டு, "அம்மா, எனக்கு மூச்சே வாங்கலை பார்த்தியா?" என்றாள். அதைக் கேட்கத்தானே இத்தனை பாடும்!

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஜாக்கிரதை அதிகம் வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் சக்கர வளையம் சூடேறி டயரே வெடிக்கலாம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நாலு வளைவுக்கு ஒரு முறை நின்று ஆறவிட்டு இறங்கினோம்.

வழிக்கு நான் கொண்டுபோனது: காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்த தண்ணீர்; வாழைப்பழம், கடலை மிட்டாய். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு முறை இரண்டு வாய் குடித்தோம். குரங்குகள் இருக்கும் இடத்தில் மட்டும் பையைத் திறக்காதீர்கள்!

சகோதரிகளே, எல்லோரும் மலை ஏறுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் பெண் அடிக்கடி அசதி என்றால், "சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அப்புறம் மூலையில் தூசி படிந்து நிற்கும் சைக்கிளுக்குக் காற்றடித்து, அவளோடு தெருமுனை வரைக்குமாவது போய்விட்டு வாருங்களேன்!