எல்லை கடக்கும் உழைப்பும் மருத்துவக் காப்புரிமையும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்பும் தொழிலாளர்களின் மருத்துவப் பாதுகாப்பு, நடுவண் அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-இன்கீழ் எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. காப்புறுதி தொழிலாளியின் உரிமையாக அமைகிறதா, தோட்ட உரிமையாளரின் விருப்பமாக அமைகிறதா என்னும் வினா இதன் மையமாகும்.

திறவுச்சொற்கள்: சமூகப் பாதுகாப்பு, தொழிலாளர் அரசுக் காப்பீடு, ஏலத்தோட்டத் தொழிலாளர், கம்பம் பள்ளத்தாக்கு, ஆதார், பயண விபத்து.

முன்னுரை

போடிநாயக்கனூர், தேவாரம், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களில் பொழுது விடியுமுன்னே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைச்சாலைகளின் வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் இவ்வண்டிகளில் பெரும்பாலும் பெண்களே இருப்பர். களையெடுப்பு, கவாத்து, காய் பறிப்பு ஆகியவை அவர்கள் வேலை. மருந்தடிப்பது பெரும்பாலும் ஆண்கள் வேலை. மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வீடு திரும்புகின்றனர். வாழ்வதும் வாக்களிப்பதும் குடும்ப அட்டை வைத்திருப்பதும் தமிழ்நாட்டில். கூலி பெறுவது கேரளத்தில். நோயோ விபத்தோ நேர்ந்தால் இவர்களுக்கு மருத்துவம் அளிக்கும் கடமை யாருடையது? இவ்வினாவுக்கு இதுவரை தெளிவான விடை இருந்ததில்லை.

சட்டம் உருவான வழி

அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொதுச்சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலின் 6-ஆம் பதிவில் உள்ளன. ஆகவே நாடு முழுமைக்குமான மருத்துவ உரிமைச் சட்டமொன்றை நாடாளுமன்றம் நேரடியாக இயற்றுவது எளிதன்று. 2009-இல் நடுவண் சுகாதார அமைச்சகம் வரைந்த தேசிய சுகாதார மசோதா, மருத்துவத்தை நீதிமன்றத்தில் கோரத்தக்க உரிமையாக்க முயன்றது. அது வரைவாகவே நின்றுவிட்டது. ஆனால் சமூகப் பாதுகாப்பும் சமூகக் காப்பீடும் பொதுப்பட்டியலின் 23-ஆம் பதிவிலும், தொழிலாளர் நலன் 24-ஆம் பதிவிலும் அடங்குவன. எனவே மருத்துவத்தைப் பற்றி நடுவண் அரசு சட்டம் செய்ய விழையும்போது, 'நோயாளி' என்னும் வாயிலைவிடத் 'தொழிலாளி' என்னும் வாயிலே அதற்கு அகலமாகத் திறந்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.) அவ்வாயில் வழி வந்ததே.

அச்சட்டத்தையும் பிற எட்டுச் சட்டங்களையும் ஒன்றிணைக்கும் மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் முன்வைக்கப்பட்டு, தொழிலாளர் நிலைக்குழுவின் ஆய்வுக்குப்பின் திரும்பப் பெறப்பட்டது. புதிய வடிவம் 2020 செப்டம்பர் 19 அன்று முன்வைக்கப்பட்டு, 22, 23 ஆகிய நாள்களில் இரு அவைகளிலும் நிறைவேறிற்று. இத்துணைப் பெரிய தொகுப்புக்கு இத்துணைச் சிறிய விவாதம் போதுமா என்பது அப்போதே எழுந்த கேள்வி. ஒப்புதலுக்குப் பின்னும் ஐந்தாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்த இச்சட்டம், ஏனைய மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுடன் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது.

விருப்பம் யாருடையது?

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் மருத்துவ வசதி அளிப்பதை உரிமையாளரின் கடமையாக வைத்தது. அதன் 10-ஆம் பிரிவு ஒரு படி மேலே சென்று, உரிமையாளர் தவறினால் தலைமை ஆய்வாளரே அவ்வசதியைச் செய்வித்துச் செலவை அவரிடமிருந்து வசூலிக்கலாம் என்றது. தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தமட்டில் இது பொருந்தி வந்தது. மேகமலையில் தொழிலாளி தோட்டக் குடியிருப்பிலேயே வாழ்கிறார். மருந்தகம் நடந்து செல்லும் தொலைவில் இருக்கும். ஏலத்தொழிலாளியோ மாலையில் மலையை விட்டே இறங்கிவிடுகிறார். இரவில் காய்ச்சல் கண்டால் தோட்டத்து மருந்தகத்தால் அவருக்கு என்ன பயன்?

அந்த 1951-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டத்தில் கரைந்துவிட்டது. அதன் 92-ஆம் பிரிவு, தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளித்தல் அல்லது இ.எஸ்.ஐ. காப்பு அளித்தல் என இரண்டையும் மாற்று வழிகளாக வைக்கிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் முதல் அட்டவணையோ, இ.எஸ்.ஐ. அத்தியாயத்தின் பயன்கள் தாம் அளிப்பவற்றைவிட மேலானவையாக இருப்பின் தோட்ட உரிமையாளர் தம் இசைவைக் கழகத்துக்குத் தெரிவித்து அதனுள் வரலாம் என்கிறது. 'வரலாம்' என்னும் ஈற்றைக் கவனிக்க வேண்டும். மேலானது எது என்று ஒப்பிடுபவரும், வேண்டுமா வேண்டாமா என முடிவு செய்பவரும் உரிமையாளரே. தொழிலாளி தனித்தோ கூட்டாகவோ அக்காப்பைக் கோரிப் பெறுவதற்கு இவ்விதியில் இடமில்லை. பெரும்பான்மைத் தொழிலாளரின் உடன்பாட்டைக் கேட்கும் வேறொரு விதி உண்டெனினும், அங்கும் உரிமையாளரின் உடன்பாடு சேர்ந்தே வேண்டும்.

இங்கே ஒரு முரண் உண்டு. பத்துப் பேருக்குக் குறையாத பணியாளர் கொண்ட நிறுவனங்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம், பருவகாலத் தொழிற்சாலைகள் மட்டும் விலக்கு. தோட்டம் என்பதற்கான வரையறையில் ஏலம் பயிரிடும் நிலம் 5 ஹெக்டேருக்குக் குறையாதிருக்க வேண்டும். சட்டச் சொற்களை அப்படியே வாசித்தால், 4 ஹெக்டேரில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குபவருக்குக் கட்டாயமாகும் காப்பீடு, 40 ஹெக்டேர்க்காரருக்கு விருப்பத் தேர்வாகிறது. இதை வரைவாளரின் நோக்கம் என்று கருத இயலாது. தேயிலைத் தோட்டங்களின் சொந்த மருத்துவமனைகளை மனத்தில் கொண்டு எழுதிய விதி, ஏலக்காட்டில் இப்படித் தலைகீழாகிறது.

இ.எஸ்.ஐ. ஏன் இவர்களுக்குச் சிறப்பாகப் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் காப்பீட்டு எண் தொழிலாளிக்கு உரியது. எந்தத் தோட்டத்துக்கும் உரியதன்று. இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொரு தோட்டம் என மாறுபவரின் பங்களிப்பு நாள்கள் ஒரே எண்ணில் சேர்கின்றன. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், நோயுற்ற நாள்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். குடும்பத்தார்க்கு மருத்துவமும் உண்டு. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. நாட்கூலியை 500 ரூபாய் எனக் கொண்டால், தொழிலாளி தருவது 3 ரூபாய் 75 காசு. ஒரு தேநீரின் விலைகூட இல்லை. முதலாளி தருவது 16 ரூபாய் 25 காசு.

மகப்பேற்றுப் பயனிலும் இவ்வேறுபாடு புலப்படும். இ.எஸ்.ஐ.க்கு வெளியே, ஒரே முதலாளியிடம் பன்னிரு மாதங்களில் 80 நாள் வேலை செய்ததை மெய்ப்பித்தால்தான் 26 வார ஊதியம் உரியதாகும். வருகைப் பதிவேட்டில் பெயரின்றிக் கங்காணியின் குறிப்பேட்டில் மட்டும் பெயருள்ள பெண் அதை எவ்வாறு மெய்ப்பிப்பார்? நடைமுறையில் அவர் கைக்கு வருவது தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாயே. உரிமை எட்டாத இடத்தில் திட்டம் எட்டுகிறது. திட்டங்களைக் குறைத்து மதிப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலைச்சாலையும் இரு மாநில எல்லையும்

இப்பகுதியில் பெரும் அச்சம் சாலையைப் பற்றியதே. அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப் வளைவில் கவிழ்ந்தால், அது தொழில் சார்ந்த விபத்தா, வெறும் சாலை விபத்தா? 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்தை மட்டுமே பேசிற்று. வழிப்பயணம் அதில் சேருமா என்பதில் வழக்குகள் பல. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் சேர்க்கப்பட்ட 51இ பிரிவு பயண விபத்தை ஏற்றது. ஆனால் அது காப்பீடு பெற்றோர்க்கு மட்டுமே. புதிய தொகுப்பின் 74-ஆம் பிரிவு, நேரம், இடம், சூழல் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலான விபத்தும் பணியின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. 2025 ஜூலையில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே இவ்வாறு பொருள் கொண்டது. தொகுப்புச் சட்டம் ஏலத்தொழிலாளிக்குத் தந்தவற்றுள் இதுவே பெரிதென்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தோட்டத்துக்கென்றே ஆளேற்றிச் சென்ற வண்டி, விடியற்காலை நேரம், மலைப்பாதை ஆகிய மூன்றும் சேரும்போது தொடர்பை நிறுவுவது கடினமன்று. கடினமானது, இன்ன தோட்டத்தின் தொழிலாளி என்று நிறுவுவது.

இழப்பீடு பின்னர் வருவது. உயிர் காக்கும் மருத்துவம் உடனே வேண்டும். தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் (2021 டிசம்பர் 18), எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேர மருத்துவத்தை ஏற்கிறது. ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நேர்ந்திருக்க வேண்டும். போடிமெட்டுக்குக் கீழே உள்ள வளைவில் கவிழ்ந்தால் காப்பு உண்டு. சோதனைச்சாவடியைத் தாண்டிக் கவிழ்ந்தால் இல்லை. வண்டியும் ஆளும் அவையே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 162-ஆம் பிரிவின்கீழ் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கட்டணமில்லா மருத்துவத் திட்டம், நாட்டின் எந்தச் சாலையிலும் ஏழு நாள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை செலவை ஏற்பதால் இவ்விடைவெளி ஓரளவு அடைபடுகிறது. இங்கே எல்லைக்கோடு அழிவதற்குக் காரணம், காப்பு நடுவண் சட்டமொன்றின் பிரிவிலிருந்து பிறந்ததே.

கனடாவின் 1984-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் ஒப்புநோக்கத் தக்கது. அங்கும் மருத்துவம் மாகாணங்களின் பொறுப்பு. ஆயினும் ஒரு மாகாணத்தவர் மற்றொரு மாகாணத்தில் இருக்கும்போதும் காப்பு தொடர வேண்டும் என்பது, நடுவண் நிதி பெறுவதற்கான ஐந்து நிபந்தனைகளுள் ஒன்று. மாநிலத்தின் அதிகாரத்தைப் பறிக்காமலே குடிமகனின் காப்பை எல்லை கடக்கச் செய்யும் வழி இது.

மருந்தடிப்பும் நோயின் சான்றும்

ஏலத்துக்குப் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படுகிறது. பாஸ்பரஸ் சேர்மங்களால் விளையும் நோய் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. ஆனால் அவ்வகை நோய்க்கு இழப்பீடு பெற ஆறு மாதத்துக்குக் குறையாத தொடர் பணி வேண்டும். பல தோட்டங்களில் மருந்தடிப்பவருக்கு இது எட்டாத கனி. இடர்மிகு தொழில் என நடுவண் அரசு அறிவித்தால், ஒரே ஒரு பணியாளர் உள்ள இடத்துக்கும் இ.எஸ்.ஐ.யை விரிவாக்கலாம் என்று முதல் அட்டவணை இடம் தருகிறது. மருந்தடிப்பு அவ்வறிவிப்புக்கு முழுத் தகுதியுடையது. சிறு தோட்டங்களும் அதனால் காப்புக்குள் வரும்.

அடையாளமும் உரிமையும்

தொகுப்பின் 142-ஆம் பிரிவு, பதிவு செய்யவும் பயன் பெறவும் மருத்துவம் பெறவும்கூட ஆதார் எண்ணால் அடையாளத்தை நிறுவ வேண்டும் என்கிறது. பிற பிரிவுகள் உறங்கிக் கிடக்கையில் இது மட்டும் 2021 மே 3 அன்றே நடைமுறைக்கு வந்தது. முதலில் விழித்தது பயன் அன்று, அடையாளம். ஆதார் இல்லாமையால் எவர்க்கும் பயன் மறுக்கப்படாது என அமைச்சகம் அப்போது விளக்கமளித்தது. அவ்வுறுதி சட்டத்தின் வாசகத்தில் இல்லை. 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆதாரைக் கட்டாயமாக்க இடம் தந்தது, இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து செலவாகும் நலப்பயன்களுக்கே. இ.எஸ்.ஐ. நிதியோ தொழிலாளியும் முதலாளியும் செலுத்திய பங்களிப்பால் ஆனது. தம் பணத்தால் வாங்கிய காப்பைப் பெற, ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் காட்டுமாறு கேட்பது அத்தீர்ப்பின் தருக்கத்துக்குள் அடங்குமா என்பது ஐயத்துக்குரியது.

1996-ஆம் ஆண்டின் பச்சிம பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில், ஓடும் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பியதை, உயிர்வாழும் உரிமையின் (21-ஆம் உறுப்பு) மீறல் என உச்ச நீதிமன்றம் கண்டது. 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கியது. பணப்பற்றாக்குறையைச் சாக்காகக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்பதும் அதன் முடிவு. 142-ஆம் பிரிவு பற்றிய வழக்கு எழுமாயின், அது இத்தீர்ப்பின் வெளிச்சத்திலேயே வாசிக்கப்பட வேண்டும்.

மாநில விதிகளின் முன்னுள்ள பணி

தோட்டங்களுக்குரிய விதிகளை வகுப்பது மாநில அரசு. ஏலத்தோட்டங்கள் கேரளத்தில் இருப்பதால் விதியெழுதும் கை திருவனந்தபுரத்தில் உள்ளது; அதன் பயனுக்கோ இழப்புக்கோ உள்ளாகும் உடல் தேனி மாவட்டத்தில் உள்ளது. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே பலருக்கு இறுதிப் புகலிடமாக இருப்பதால், செலவின் பெரும்பங்கும் தமிழ்நாட்டின்மேல் விழுகிறது. புதிய சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் தாமாகவே வந்து வேலை பெற்றவரையும் புலம்பெயர் தொழிலாளர் வரையறையில் சேர்த்திருக்கிறது. 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பந்தக்காரர் வழி வந்தவர் மட்டுமே அவ்வாறு கருதப்பட்டார். காலையில் சென்று மாலையில் திரும்புபவரும் அவ்வரையறையுள் அடங்குவர் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால், இறப்போ படுகாயமோ நேரும்போது இரு மாநில அதிகாரிகளுக்கும் அறிவிக்க வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டாகும். அதனோடு, ஜீப்பில் ஏறுபவரின் பெயரும் அன்று அவர் செல்லும் தோட்டத்தின் பெயரும் கொண்ட பயணப் பதிவேட்டையும் விதி கட்டாயமாக்கலாம். 80 நாள் கணக்குக்கும், ஆறு மாதத் தொடர் பணிக்கும், பயண விபத்தின் தொடர்புக்கும் அதுவே முதற்சான்றாகும்.