பழைய ஸ்போர்ட்ஸ் காரும் இன்றைய சிறு காரும்

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1950களில் அங்கே கார்ப் பந்தயங்கள் தொடங்கின. அந்நாளில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேகம் என்று பொருள். அத்தகைய கார் ஒன்றும், இன்று கடைவீதியில் காணும் சிறு கார் ஒன்றும் போட்டியிட்டால் எது வெல்லும்?

இங்கிலாந்தில் அபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை உருவான எம்.ஜி. டி.சி. காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் கொள்ளளவு 1250 கன செ.மீ.; திறன் 54 குதிரைத்திறன். இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 2019-இல் வெளிவந்த ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் காரின் பெட்ரோல் எஞ்சின் 1197 கன செ.மீ. தான். ஆனால் அதன் திறனோ 83 குதிரைத்திறன்! லிட்டருக்குக் கணக்கிட்டால் பழையது 43, புதியது 69. சிறிய எஞ்சினுக்கு இந்த வலிமை எப்படி வந்தது?

முதற் காரணம் அமுக்க விகிதம். உருளைக்குள் புகும் பெட்ரோல்–காற்றுக் கலவையைப் பிஸ்டன் எவ்வளவுக்கு அமுக்குகிறதோ, அவ்வளவுக்கு அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். பழைய எஞ்சின் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே அமுக்கியது. அதற்கு மேல் அமுக்கினால், அக்காலத்துத் தரம் குறைந்த பெட்ரோல் முறையின்றி வெடித்து எஞ்சினைத் தட்டும். இன்று பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்க முடிகிறது.

இரண்டாவது, சுவாசம். பழையதில் உருளைக்கு இரண்டு வால்வுகள், புதியதில் நான்கு. மூன்றாவது, எரிபொருளின் அளவு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டரால் இந்த அளவை எப்போதும் காக்க இயலாது. இப்போது உணர்விகள் புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து சொல்ல, மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிறது. புகையும் குறைகிறது.

ஓடுவதைவிட நிற்பது முக்கியம் அல்லவா? விக்கிரமங்கலம் சாலையில் திடீரென ஒரு மாடு குறுக்கே வருகிறது என்று கொள்வோம். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே பிரேக் பிடித்த பின் 40 கி.மீ. வேகத்தில் 9 மீட்டரில் நிற்கும் கார், 80 கி.மீ. வேகத்தில் 36 மீட்டர் ஓடியே நிற்கும். இவ்விதி இரண்டு கார்களுக்கும் பொது. ஆனால் பழைய காரில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை. புதிய காரின் ஏ.பி.எஸ். கருவி பிரேக்கை நொடிக்குப் பல முறை தளர்த்திப் பிடிப்பதால் சக்கரம் பூட்டாது. மாட்டை விலக்கிச் செல்ல வழியுண்டு.

மோதியே விட்டால்? 50 கி.மீ. வேகத்தில் செல்லும் 50 கிலோ எடையுள்ள மாணவரின் இயக்க ஆற்றல் சுமார் 4800 ஜூல். அவர் உடல் 5 செ.மீ. தொலைவுக்குள் நிறுத்தப்பட்டால் அதன்மீது சராசரியாக 96,000 நியூட்டன் விசை தாக்கும். 50 செ.மீ. கிடைத்தால் 9,600 நியூட்டன் மட்டுமே. புதிய காரின் முன்பகுதி நசுங்குவதும், சீட் பெல்ட் இழுத்துப் பிடிப்பதும், காற்றுப்பை விரிவதும் அந்தக் கூடுதல் செ.மீட்டர்களுக்காகத்தான். எம்.ஜி. டி.சி.யில் மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்திய உடல். சீட் பெல்ட் கிடையாது. மூன்று முனைச் சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் அமைத்தது 1959-இல்தான்.

பழைய கார் அழகில் வெல்லலாம். வேகத்திலும், நிற்பதிலும், உயிர் காப்பதிலும் வெற்றி சிறு காருக்கே. ஆனால் பெல்ட்டை மாட்டாமல் அமர்ந்தால், அந்த வெற்றியில் பாதியை நாமே கைவிடுகிறோம்.