வரம், சாபம், பாடு: கூட்டுக் கதையாடலில் மந்திர சக்தியைச் சமன் செய்வது குறித்து

ஒருவனே எழுதும் கதையில் ஒரு பாத்திரத்துக்கு எவ்வளவு மந்திர சக்தி என்பது எழுதுகிறவன் பாடு. அவனே கொடுப்பான், வேண்டும்போது அவனே பிடுங்கிக்கொள்வான். நாலைந்து பேர் கூடி, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே ஒரு மாயக் கதையை வளர்க்கும் விளையாட்டில் இது நடக்காது. 'என் மந்திரவாதி கையை அசைச்சான், சேனை முழுக்கச் சாம்பல்' என்று ஒருவன் சொல்லிவிட்டால் மற்றவர்கள் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு ஒரு உபாயம் வைத்தது. மந்திரவாதி தன் மந்திரங்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒன்றைப் பிரயோகித்ததும் அது மனதிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனை இது.

கர்ணன் கதை தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுசாக இருக்காது. பரசுராமரிடம் கற்ற பிரம்மாஸ்திரம் தேவைப்படும் நேரத்தில் மறந்துபோகும் என்ற சாபம் அவனுக்கு உண்டு. ஆகவே இந்தப் பிரச்சினையை நம் பிரதிகளிலிருந்தே யோசிக்கலாம் என்பது என் எண்ணம். அதிலும் எழுதப்பட்ட பாரதத்தைவிட ஆடப்படும் பாரதம் இங்கே பொருத்தமானது. தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் நடக்கும் தெருக்கூத்தில் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் வசனத்தின் பெரும்பகுதி அன்றைய ராத்திரி ஆடுகிறவர்களுக்கு இடையில்தான் உருவாகிறது. திரைக்குப் பின்னாலிருந்து வரும் ராஜாவைக் கட்டியங்காரன் 'யாருய்யா நீ?' என்று விசாரிக்கிறான். ராஜா தன் பிரதாபத்தைச் சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். கட்டியங்காரன் நடுங்கினால் ராஜா பராக்கிரமசாலி. சிரித்தால் நிலைமை வேறு. அதாவது சக்தி என்பது ஒரு பாத்திரத்தின் கைவசம் உள்ள சொத்து அல்ல, எதிரே இருப்பவன் ஒப்புக்கொள்ளும் ஒரு உறவு. எதிராளி விழச் சம்மதிப்பதால்தான் மந்திரம் பலிக்கிறது.

சம்மதம் கிடைக்க வேண்டுமானால் மந்திரத்தில் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். நம் புராணங்களில் வரத்தின் இலக்கணமே இந்தக் கதவை வைப்பதுதான். பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் சாகக் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்று வரம் வாங்கிய இரணியனுக்கு அந்திப்பொழுதும் வாசற்படியும் கதவாகின்றன. கர்ணனுக்கு இந்திரன் தரும் சக்தி ஆயுதம் ஒரே ஒரு தடவைதான் பயன்படும். அருச்சுனனுக்கென்று பத்திரப்படுத்தியிருந்த அது, பதினான்காம் நாள் இரவில் கடோத்கசன்மீது செலவாகிவிடுகிறது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை தொடுக்கக் கூடாது என்று குந்தி வரம் வாங்கிக்கொள்கிறாள். நிபந்தனை, விலை, ஒருமுறை என்று மூன்று விதமான எல்லைகள். மூன்றிலும் ஆயுதத்தின் வீரியம் குறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது எங்கே நிற்கும் என்பது மட்டும் வரையறுக்கப்படுகிறது. அது நிற்கிற இடத்தில் இன்னொருவர் கதைக்குள் வர முடிகிறது.

இதை இன்னும் தெளிவாக விளக்கப் புனைவுக்கு வெளியே ஒரு உதாரணம் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் எல்லா இடமும் ஒன்றுபோல் இல்லை. முகத்துவாரம் வழியாகக் கடலும் ஏரியும் நீர் மாற்றிக்கொள்கின்றன. இறால் அந்த நீரோட்டத்தோடு போய்வரும். ஓட்டத்தின் குறுக்கே வலை கட்டுகிறவனுக்குக் கிடைப்பது மற்ற இடத்தில் நிற்பவனுக்குக் கிடைக்காது. நல்ல இடம் ஒருவனிடமே நிலைத்துவிட்டால் ஊர் இரண்டுபடும். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டணவர்கள் இதற்கென்று வழிவழியாக வைத்துக்கொண்ட ஏற்பாட்டுக்குப் பெயர் 'பாடு'. இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை சுற்றிவரும். கொச்சிக் காயல்களிலும் இலங்கையின் நீர்கொழும்பிலும் இதே மாதிரியான முறைகள் உண்டு. பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் வலையில் விழுந்த மீன், பாடு என்றால் ஒருவனுக்கு வாய்த்த நிலை. இத்தனையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள்.

பாடு நல்ல இடத்தின் வளத்தைக் குறைப்பதில்லை. யாரும் போய் அங்கே இறாலைக் கலைத்துவிடுவதில்லை. இன்றைக்கு அங்கே நிற்பவன் நாளைக்கு நகர்ந்தாக வேண்டும், அவ்வளவுதான். மாயக் கதை விளையாட்டில் சமன் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில் போய் நிற்கிறார்கள்: இவனுக்குப் பத்து, அவளுக்கு எட்டு. என் வாதம் வேறு. சாம்பலாக்கும் மந்திரம் இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் பிரயோகித்தபின் அந்த மந்திரவாதி யாரை நம்பி நிற்க வேண்டியிருக்கிறது, அடுத்த காட்சி யாருடைய பாடு, இவை முன்கூட்டியே பேசி முடிவாகியிருந்தால் போதும். வீரியம் குன்றிய நான்கு மந்திரவாதிகளைவிட முறை தெரிந்த ஒரு மகா மந்திரவாதி கதைக்கு நல்லது.

ஆனால் பாட்டை வெறுமனே கொண்டாடிவிட முடியாது. அதில் பங்கு பெறுகிறவன் சாதியால் பட்டணவனாக, மணமான ஆணாக, ஊரில் தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவனாக இருக்க வேண்டும். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் தலித்துகளுக்கும் அந்தச் சுற்றில் முறை வருவதில்லை. இறால் ஏற்றுமதிச் சரக்கானபின் ஏரியில் மூண்ட தகராறுகளில் இந்தக் கேள்வியும் இருந்தது. ஹுயிசிங்கா 1938-இல் எழுதிய 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் விளையாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட களங்களுள் ஒன்றாக 'மாய வட்ட'த்தைக் குறிப்பிடுகிறார். வட்டத்தை வரைந்தது யார் என்ற கேள்வி, உள்ளே உள்ள விதிகள் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் மிச்சமிருக்கும்.

பாரதத்தில் இதற்கான பெயர் ஏகலைவன். உனக்கு நிகர் எவனும் இருக்க மாட்டான் என்று அருச்சுனனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் துரோணர் அவன் கட்டைவிரலைக் கேட்கிறார். 'பாத்திரங்களின் பலம் சமன் செய்யப்பட்டது' என்று இதையும் ஒருவர் சொல்லக்கூடும்! கர்ணனின் கவச குண்டலத்தை யாசகமாக வாங்கிப் போகிற இந்திரனும் அருச்சுனனின் தகப்பன்தான். பரசுராமரின் சாபமே பிறப்பை மறைத்துப் படித்ததற்காக வந்தது. ஒருவன்மீது இத்தனை எல்லைகள் குவியும்போது, அவற்றை விதிக்கிறவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் சமன் என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது.

எனவே கூட்டாகக் கதை சொல்ல உட்காருகிறவர்கள் ஒரு பாத்திரத்தின் மந்திரத்துக்கு எல்லை வைக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த எல்லையால் அடுத்தவருக்கு ஒரு முறை கிடைக்கிறதா, அல்லது ஏற்கனவே மையத்தில் இருப்பவரின் இடம் இன்னும் கெட்டியாகிறதா? இந்த எல்லை விதித்தவரையும் கட்டுப்படுத்துகிறதா? முதலாவதற்குப் பாடு ஓரளவு பதில் சொல்கிறது. இரண்டாவதைத் துரோணரிடம் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. கதை நடத்துகிறவர் என்று ஒருவரை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் முதலில் அவரிடம் இதைக் கேட்டுவிட்டு, பிறகு மந்திரவாதியிடம் வரலாம்.