பொய்க் கடனுக்கு அஞ்சலாமா?

ஆழ்வார்திருநகரியைக் கடந்து கிழக்கே ஓடும் தாமிரபரணி, கடலோடு கலக்குமிடத்தருகே பழையகாயல் என்னும் சிற்றூர் இருக்கிறது. முத்தும் அரபுக் குதிரையும் கைமாறிய பெருந்துறைமுகமாக அது ஒரு காலத்தில் விளங்கியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகர யாத்ரீகர் மார்க்கோ போலோ, காயலின் வாணிபத்தோடு இந்நாட்டு வழக்கம் ஒன்றையும் குறித்திருக்கிறார். கடன்பட்டவன் தவணை சொல்லி ஏய்த்து வந்தால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைவானாம். கடனைத் தீர்க்காமலோ, பிணை கொடுக்காமலோ அதைத் தாண்டுவது பெருங்குற்றம். அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குக் கடன்பட்ட மன்னனே அவ்வாறு வளைக்கப்பட்டு, கடனைத் தீர்த்த பின்னரே நகர்ந்ததைத் தாம் கண்டதாகவும் கூறுகிறார்.

அந்த வட்டத்தின் பின்னே உண்மையான கடன் இருந்தது, கொடுத்தவர் நேரில் நின்றார், ஊரார் சாட்சியாயினர். இன்றோ, முகமறியாத ஒருவன் கைப்பேசியிலேயே வட்டம் வரைகிறான்! “உங்கள் பெயரில் கடன் நிலுவை இருக்கிறது, வழக்குப் பதிவாகிவிட்டது, இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் கைது” என்கிறான். மறைந்த தந்தையாரின் கடன் என்றும் கூறுவான். உங்கள் முகவரியும் ஆதார் எண்ணும் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அவை களவாடப்பட்ட தகவல்களே அன்றி, கடனுக்குச் சான்று அல்ல.

இம்மோசடி நம் நாட்டுக்குள் மட்டும் நடப்பதன்று. அமெரிக்க வரித்துறையினர் போல் பேசி, வரிபாக்கி என்று மிரட்டி அந்நாட்டு மக்களிடம் பணம் பறித்த தொலைபேசி நிலையங்களை, 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோடில் தானே போலீசார் கண்டுபிடித்தனர். இதே வகை மோசடிக்காக 2018-இல் அமெரிக்க நீதிமன்றம் 21 பேரைத் தண்டித்தது. அவர்களுள் ஒருவனுக்கு 20 ஆண்டுச் சிறை.

இறைநம்பிக்கையுடையோர் கடனுக்கு அஞ்சுவது இயல்பே. கடனைத் தீர்க்க ஏதும் விட்டுச் செல்லாதவரின் ஜனாஸாத் தொழுகையை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கினார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த நல்லச்சத்தையே வஞ்சகன் முதலாக்கிக்கொள்கிறான். ஆனால் திருமறையின் அல்பகரா அத்தியாயம் கடனை எழுதி வைக்கவும், சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் விரிவாகக் கட்டளையிடுகிறது. சிரமத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்கிறது. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. எழுத்தும் சாட்சியும் அவகாசமும் இல்லாத கடனை நாம் ஏன் நம்ப வேண்டும்?

நாட்டின் சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. கடனைத் திருப்பித் தர இயலாமை மட்டுமே குற்றமாகாது. நேர்மையாகவே வழியற்ற கடனாளியைச் சிறையிலிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. பெற்றோரின் கடனுக்கு, அவர்கள் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பாவர். தொலைபேசியிலோ காணொளியிலோ கைது செய்யும் முறை எந்தச் சட்டத்திலும் இல்லை. விசாரணைக்கு அழைக்கும் போலீஸ் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியுள்ளது. உண்மையான கடனாயினும், காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக் கூடாதென்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி.

ஆகவே அன்பர்களே, அடையாளங்களை மனத்தில் கொள்ளுங்கள். அவசரப்படுத்துவான், “யாரிடமும் சொல்லாதே, இணைப்பைத் துண்டிக்காதே” என்பான், அறியாத கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வான். உடனே இணைப்பைத் துண்டியுங்கள். வங்கிக் கிளைக்கு நேரில் செல்லுங்கள். அல்லது பாஸ்புக்கில் உள்ள எண்ணில் நீங்களே பேசுங்கள். உண்மையில் கடன் இருப்பின், ஒரு நாள் விசாரிப்பதால் அது அழிந்துவிடாது. அதை ஒழுங்காகத் தீர்ப்பது நம் கடமை. பணத்தை அனுப்பிவிட்டீர்களாயின், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை இடைவழியில் முடக்க வாய்ப்புண்டு.

இன்று ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்பியதும், வீட்டில் தனித்திருக்கும் முதியோரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். மன்னன் வட்டத்துள் நின்றது, கடன் மெய்யாக இருந்ததால். கடனே இல்லாத நாம், ஒரு குரலுக்கு அஞ்சி ஏன் நிற்க வேண்டும்?