கண்டென்சர் மைக் வாங்கப் போறீங்களா? மைக் விலையை மட்டும் பார்க்காதீங்க!

வீட்டிலேயே பாட்டு, வாய்ஸ் ஓவர், ஆன்லைன் வகுப்பு எல்லாம் பதிவு செய்றவங்க என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "சார், 10,000 ரூபாய்க்குள்ள நல்ல கண்டென்சர் மைக் எது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "மொத்த பட்ஜெட் எவ்வளவு?"

என்னிடம் வரிக் கணக்கு பார்க்கும் ஒரு பாட்டு டீச்சர், ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார். நகையை அடகு வைத்து மைக் வாங்கலாமா என்று ஒரு கொட்டேஷனோடு வந்தார். மைக் 9,000. ஆடியோ இன்டர்ஃபேஸ் 12,000. ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், எக்ஸ்எல்ஆர் கேபிள் சேர்த்து 3,000. ஆக 24,000 ரூபாய். இதில் மைக்கோட பங்கு பாதிகூட இல்லை, கவனிச்சீங்களா?

காரணம் இருக்கு. எக்ஸ்எல்ஆர் வகை கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் வேணும். லேப்டாப்பில் இருக்கும் ஹெட்போன் ஓட்டை அதைத் தராது, இன்டர்ஃபேஸ்தான் தரணும். யுஎஸ்பி கண்டென்சர் என்றால் ஒரே கேபிளில் வேலை முடிஞ்சிடும், இன்டர்ஃபேஸ் செலவே கிடையாது. ஒரே ஒரு குரலைப் பதிவு செய்பவருக்கு இது போதும் என்பது என் கருத்து. தம்புராவோ வீணையோ தனி மைக்கில் சேர்க்கணும்னா மட்டும் இன்டர்ஃபேஸ் பக்கம் போங்க.

அடுத்தது அறை. கண்டென்சர் நுணுக்கமான காது உள்ளது. கமகத்தை எப்படிப் பிடிக்குமோ, அப்படியே பக்கத்து வீட்டு குக்கர் விசிலையும் பிடிக்கும். ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபல். அதைவிட விலை கூடிய ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறையில் வெறும் 4 டெசிபல். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஃபேன் ஓடுற அறையின் சத்தமே சாதாரணமா 40 டெசிபலைத் தாண்டும்போது, அந்த 16 டெசிபல் வித்தியாசத்துக்குக் கொடுக்கும் காசு உங்க காதுக்கு எட்டவே எட்டாது!

அதனால டீச்சரிடம் முதலில் சொன்னது செலவில்லாத வேலைகள். ஃபேனை நிறுத்துங்க. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வச்சு, பின்னால் கனமான ஜமக்காளம் தொங்கவிடுங்க. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினா குரல் 6 டெசிபல் கூடும், அறை எதிரொலி அப்படியே இருக்கும். இன்னொண்ணு, ஏடி2020 போன்ற மைக்கில் உச்சியில் அல்ல, பக்கவாட்டில் பாடணும். இதைத் தெரியாம "மைக் சரியில்லை" என்று திருப்பி அனுப்புறவங்களும் உண்டு. தெருச் சத்தத்தை எதுவுமே அடக்கலைன்னா கண்டென்சர் ஆசையை விட்டுடுங்க. சாம்சன் க்யூ2யு மாதிரி டைனமிக் மைக் உங்களுக்கு நல்லது, அதில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டுமே இருக்கு.

சரி, நம்ம கணக்குக்கு வருவோம். மைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மற்ற பொருளுக்கும் அதே விகிதம்னு வச்சுக்கிட்டா, 24,000 ரூபாயில் ஏறக்குறைய 3,661 ரூபாய் வரி. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு அது திரும்பி வராது. "நோ காஸ்ட்" இஎம்ஐயில் கிரெடிட் கார்டு வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு, பிராசஸிங் கட்டணம் தனி. கணக்குப் புத்தகம் வச்சு வருமானம் காட்டினா, தேய்மானமா வருஷத்துக்கு 15 சதவீதம் கழிக்கலாம். வாங்கின வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதில் பாதிதான். உத்தேச வருமான முறையில் போறவங்களுக்குத் தனியா தேய்மானம் கிடையாது.

ஒரே நாளில் ஒரே கடைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா, அந்தத் தொகை தேய்மானக் கணக்கில் சேராது. யுபிஐயிலோ கார்டிலோ கட்டுங்க, பில் உங்க பெயரில் இருக்கட்டும். பழைய மைக் வாங்கினா, ஹெட்போன் மாட்டி ஒரு நிமிஷம் பேசாம இருந்து கேளுங்க. பொரியிற சத்தம் வந்தா ஈரம் ஏறியிருக்கலாம், வேண்டாம்னு வந்துடுங்க.