தொலைமருத்துவமும் நோயாளர் மனநிறைவும்

பிணியுற்றவன் மருத்துவனை நாடிச் செல்லுதலும், அவன் செல்ல இயலாவிடத்து மருத்துவன் அவன் மனைக்கு வருதலும் தொன்றுதொட்டு வரும் வழக்கங்களாம். இவ்விரண்டும் இன்றி, இருவரும் தத்தம் இடத்தில் இருந்தவாறே கண்டும் கேட்டும் உரையாடி மருத்துவம் நிகழ்த்தும் மூன்றாவது முறையொன்று இக்காலத்தில் பரவியுள்ளது. அதனைத் தொலைமருத்துவம் என்பர். இம்முறையால் நோயாளர் மனநிறைவு எய்துகின்றனரா, எய்துவராயின் அந்நிறைவு எதனால் விளைகிறது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு உறுப்புக்களாகப் பகுத்துள்ளார். பிணியுற்றோன், பிணி தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து பிழையாமல் கொடுப்போன் என்பன அவை. முதல் மூன்றையும் யாவரும் எளிதில் உணர்வர். நான்காமவனையோ நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தொலைமருத்துவத்தில் மருத்துவன் சேய்மைக்குச் சென்றுவிடுதலால், இந்நான்காமவனுடைய பொறுப்பே மிகுகின்றது. இதனைச் சில சான்றுகளால் காண்போம்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஒரு பண்ணைக்கும் மற்றொரு பண்ணைக்கும் இடையே பல காவதத் தொலைவு உண்டு. அங்கு வாழ்ந்தோர் மருத்துவ உதவியின்றி மாண்டு போதலைக் கண்டு வருந்திய ஜான் பிளின் என்னும் பாதிரியார், விமானத்தில் மருத்துவரை அனுப்பும் பணியை 1928-ஆம் ஆண்டில் குளோன்கரி என்னும் ஊரில் தொடங்கினார். ஆயினும், நோயுற்ற செய்தியை மருத்துவருக்கு அறிவிப்பது எங்ஙனம்? மின்சாரம் இல்லாத அப்பண்ணைகளுக்கென ஆல்பிரட் டிரேகர் என்பார், காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவி ஒன்றை அமைத்தார். அது 1929-ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. முதலில் மோர்சுக் குறிகளாலும், பின்னர் வாய்ப்பேச்சாலும் செய்தி சென்றது.

1942-ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு மருந்துக்கும் எண்ணிட்ட பெட்டிகள் பண்ணைகளுக்கு வழங்கப்பட்டன. பின்னர் உடலின் பகுதிகளுக்கு எண்ணிட்ட படமும் பயன்பாட்டிற்கு வந்தது. எவ்வெண்ணுள்ள இடத்தில் நோவு என்று மருத்துவர் வினவுவார். விடை கேட்டு, இன்ன எண்ணுள்ள மருந்தைக் கொடுக்க என்பார். ஈண்டு மருத்துவருக்குக் கண்ணும் கையுமாய் நின்றவர் யாவர்? நோயாளியின் அருகிருந்த மனைவியோ, தாயோ, உடன் வேலை செய்வோனோ அன்றோ? அவர் இன்றேல் அக்கருவியும் பெட்டியும் பயனற்றனவாம்.

இனி நம் தமிழ்நாட்டின் சான்றொன்றை நோக்குவோம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிற்காலத்தில் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்தது. தேனி வட்டாரத்து மையங்கள், பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தாரும் இன்டெல் நிறுவனத்தாரும் ஆய்ந்து அமைத்த நெடுந்தொலைவுக் கம்பியில்லா இணைப்பால் தேனி மருத்துவமனையோடு சேர்க்கப்பட்டன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நோயாளியின் கண்ணைக் கருவிகொண்டு சோதித்து, கண்ட குறிகளை எழுதி அனுப்புவார். பின்னர், நகரத்து மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியோடு பேசுவார். கண்ணாடி மட்டும் வேண்டுவோர் தம் ஊரருகிலேயே அதனைப் பெற்று மீள்வர். அறுவை வேண்டுவோர் மட்டுமே நகருக்குச் செல்வர். ஒருநாட் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் செலுத்தி, துணைக்கு மற்றொருவரையும் அழைத்துச் செல்ல வேண்டிய ஏழைக்கு இஃது எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை விரித்துரைத்தல் வேண்டா.

இந்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’ என்னும் அமைப்பிலும் இருவகை முறைகள் உள. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய முதல் முறையில், நோயாளி அண்மையிலுள்ள நலவாழ்வு மையத்திற்குச் செல்ல, ஆங்குள்ள பணியாளர் துணைநின்று சேய்மையிலுள்ள மருத்துவரோடு இணைப்பார். பெருந்தொற்றுக் காலமாகிய 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் முறையில், நோயாளி தம் இல்லத்திலிருந்தே கைப்பேசி வாயிலாக மருத்துவரைக் காண்பார். முன்னதில் நான்காம் உறுப்பு உண்டு. பின்னதில் அவ்வுறுப்பு இல்லத்தாரையே பொறுத்தது. கற்ற இளைஞனுக்கு இரண்டாம் முறையே உவப்பாகும். எழுத்தறியாத முதியவளோ, பொத்தானை அழுத்தவும், மருத்துவர் கூறியதை மீண்டும் கேட்டு உணரவும் ஒருவரை நாடியே நிற்பாள்.

நோயாளரின் மனநிறைவுக்குரிய காரணங்கள் பல. காலமும் பொருளும் மிச்சமாதல் ஒன்று. கூட்டத்தில் காத்திராமை மற்றொன்று. தம் குறையை இடைமறியாது ஒருவர் கேட்டார் என்னும் ஆறுதல் பிறிதொன்று. ஆயின், மனநிறைவு வேறு, பிணிநீக்கம் வேறு என்பதை நாம் மறத்தல் கூடாது. விரும்பிய மாத்திரையைப் பெற்றவன் மகிழ்வான். அம்மாத்திரை அவனுக்கு வேண்டாததாகவும் இருக்கலாம். “திரையில் பார்த்தல் போதாது, உடனே நேரில் வருக” என்று சொல்லும் மருத்துவர்மீது அவன் சினங்கொள்வான். அவ்வுரையே அவன் உயிரைக் காப்பதாகவும் இருக்கலாம். வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்த்தலும், நெஞ்சில் செவிவைத்துக் கேட்டலும் திரைக்கு இயலுமோ? இதுபற்றியே, 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும், நெருக்கடி நிலையில் நோயாளியை விரைவில் நேரில் வருமாறு அறிவுறுத்தல் வேண்டும் என விதித்துள்ளன.

இன்னுமொன்று. “நிறைவுற்றீரா?” என்னும் வினா, மருத்துவரைக் கண்டு பேசியவரிடத்தே கேட்கப்படுகின்றது. கைப்பேசி இல்லாதாரும், இணைப்பு அறுந்து பாதியில் விட்டாரும், முறையை அறியாது முயலாதாரும் அவ்வினாவுக்கு விடைதர வருவதில்லை. ஆதலின், நிறைவுற்றோர் பலர் என்னும் கணக்கை மட்டும் நம்பி, செலவு குறையும் என்று மையத்துப் பணியாளரை நீக்க எவரேனும் எண்ணுவாராயின், அதனால் இழப்புறுவோர் வாய்திறந்து முறையிடவும் வழியற்ற எளியோரே ஆவர். அவ்விழப்பு எந்தக் கணக்கிலும் தோன்றாது.

ஆகவே, தொலைமருத்துவம் நல்லதா தீயதா என்று வழக்காடுதலினும், நோயாளியின் அருகில் யார் இருக்கிறார் என்று வினவுதலே பொருத்தமாகும். மருத்துவர் நூறு கல் தொலைவில் இருப்பினும், அருகிருப்போர் அன்பும் அறிவும் உடையராயின் அம்மருத்துவம் நிறைவுறும். அருகில் ஒருவரும் இலராயின், திரையில் தோன்றும் முகம் எத்துணைத் தெளிவாயினும் குறையுடையதே. கற்றோராகிய நாம், நம் தெருவில் வாழும் முதியோர் ஒருவர்க்கு மருத்துவரை இணைத்துத் தந்து, அவர் கூறிய மருந்தையும் வேளையையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, மறுநாள் சென்று நலம் வினவுவோமாயின், அந்நான்காம் உறுப்பு நாமே ஆவோம். அதற்குப் பட்டமும் வேண்டா, பொருளும் வேண்டா. சிறிது நேரமும் பரிவும் போதும்.