திண்டிவனத்தைத் தேடினால் விழுப்புரம் வருவது ஏன்?

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இந்த வரியைப் பாருங்கள்:

விழுப்புரம் = திண்டிவனம் + 40

திண்டிவனத்தின் முதல் எழுத்தில் கர்சரை வைத்து, அந்தப் பெயர் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று எடிட்டரைக் கேட்கிறோம். பதிலைத் தேடித் தருவது பின்னால் தனியாக ஓடும் லாங்குவேஜ் சர்வர். இரண்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் 2016-இல் வெளியிட்டது. அதன்படி எடிட்டர் பெயரை அனுப்பாது. எந்தக் கோப்பு, எந்த வரி, வரியில் எத்தனையாவது இடம் என்பதையே அனுப்பும்.

சிக்கல் அந்த 'எத்தனையாவது' என்பதில்தான். நாம் எண்ணினால் இரண்டு ஊருக்கும் 6 எழுத்து. யூனிகோடிலோ 'வி' என்பது வகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடு. அப்படி எண்ணினால் விழுப்புரம் 11, திண்டிவனம் 10. கோப்பைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; ஆக 33, 30.

நெறிமுறை வழக்கமாக யுடிஎஃப்-16 கணக்கில் எண்ணுகிறது. விழுப்புரத்துக்கு 11, இரண்டு இடைவெளிக்கும் சமக்குறிக்கும் 3. எனவே எடிட்டர் 14 என்று அனுப்பும். அதை 14 பைட் என்று சர்வர் எடுத்துக்கொண்டால், விழுப்புரத்தின் 'ப்' மேல் போய் நிற்கும். திண்டிவனத்தைக் கேட்டவருக்கு விழுப்புரம் வரும் இடங்களைப் பட்டியலிடும்.

திருத்தம் கடினமல்ல. கேள்வி உள்ளே வந்ததுமே, அந்த வரியின் உரையை வைத்து 14-ஐ 36 பைட்டாக மாற்ற வேண்டும். பதில் வெளியே போகும்போது திரும்ப மாற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். 2022-இல் வந்த நெறிமுறையின் 3.17 பதிப்பில், எந்தக் கணக்கில் எண்ணுவது என்று இரு தரப்பும் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளவும் வழி உண்டு.

கோலியனூர் என்று பெயர் வைத்தால் இன்னொரு சிக்கல். 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைத்தான் இரண்டையும் ஒரே பெயராக்கிவிடும். சர்வரும் அப்படி இயல்பாக்கிவிட்டு ஒப்பிடாவிட்டால், சில இடங்கள் விடுபட்டுப்போகும்.

ஆங்கிலப் பெயர்களில் எல்லாக் கணக்கும் ஒன்றே என்பதால் இப்பிழைகள் சோதனையில் சிக்குவதில்லை. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவில் பழகும் மாணவர்களுக்கும், திண்டிவனத்தில் பொறியியல் படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் பயன்படுத்தும் சர்வரில் உங்கள் ஊர்ப் பெயரை மாறியாக வைத்துத் தேடிப் பாருங்கள். தவறாக வந்தால், அந்த ஒரு வரியையே சோதனையாக எழுதி, சர்வரை உருவாக்குபவர்களுக்கு அனுப்புங்கள்.